வளையக் கவசம்: கேளுங்கள், சொல்கிறேன்

இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் போர்க் கவசத்தைச் சட்டை அளவுக்குப் பின்ன ஆசை. எப்படித் தொடங்குவது?

முதலில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னுங்கள், சட்டை எங்கும் ஓடிவிடாது. 1.6 மி.மீ. கம்பியை 8 மி.மீ. கம்பியின் மேல் நெருக்கிச் சுற்றினால் ஸ்பிரிங் மாதிரி வரும், அதை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோக்க வேண்டும். ஐரோப்பாவில் பரவலாக இருந்த பின்னல் இதுதான். திறக்கும்போது இரண்டு குறடுகளால் ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருகுங்கள். அகட்டி இழுத்தால் வட்டம் கோணிவிடும், அப்புறம் முனைகள் சேரவே சேராது, அந்த இடுக்கில் பனியன் மாட்டிக் கிழியும்.

எந்தக் கம்பி?

ஜி.ஐ. கம்பி மலிவு, துத்தநாகப் பூச்சு இருப்பதால் துரு தாமதமாகத்தான் வரும். ஆனால் நெருப்பில் காட்டாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

முனைகளைச் சேர்த்து ரிவிட் ஆணி அடிக்காத வளையம் வெறும் பொம்மைதானே?

ஐரோப்பிய இடைக்காலத்துக்குச் சரி. முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் துளையிட்டு ரிவிட் அடித்தார்கள். முனைகள் சும்மா முட்டி நிற்கும் வளையம் ஈட்டி குத்தினால் வாய் திறந்துவிடும். ஆனால் ஜப்பானில் பெரும்பாலும் முட்டு வளையங்கள்தான், அவற்றைப் போட்டுக்கொண்டு போருக்கும் போனார்கள்.

அங்கே அது தகடுகளுக்கு நடுவே இருந்த இணைப்பு, கவசமே இல்லையே!

இணைப்பாகவும் இருந்தது, துணியில் தைத்த வளையச் சட்டையாகவும் இருந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டு இந்திய, பாரசீகக் கவசங்களிலும் பித்தளை, செம்பு கலந்து கோலம் போட்ட முட்டு வளையங்கள் உண்டு. அவை பெரும்பாலும் பகட்டுக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். பொம்மை என்றால் மாட்டேன்.

துரு பிடித்துவிட்டது. என்ன செய்ய?

வெறும் இரும்பா? அந்தக் காலத்தில் மணலும் வினிகரும் போட்ட பீப்பாயில் உருட்டினார்கள். நீங்கள் உலர்ந்த மணலோடு மூடியுள்ள டப்பாவில் உருட்டுங்கள், உதறுங்கள், மெல்லிய மெஷின் எண்ணெய் தடவி மிச்சத்தைத் துடையுங்கள்.

தேங்காய் எண்ணெய்?

வேண்டாம். சிக்குப் பிடித்து நாறும்.

வீட்டில் பரம்பரைக் கவசம் இருக்கிறது, மணலில் உருட்டலாமா?

தொடாதீர்கள்! அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள்.

ஜி.ஐ. வளையத்தை வினிகரில் ஊற வைக்கலாமா?

கூடாது, வினிகர் பூச்சைத் தின்றுவிடும். அடுப்பில் வாட்டலாமா என்று அடுத்து கேட்கப்போகிறவர் மேலே போய்ப் படியுங்கள்.