மூன்று மணி நேரக் கல்யாணமும் நாலு வரி ஸ்கிரிப்டும்

கேள்வி: அண்ணாச்சி, 1997-ல் நடந்த எங்கள் சித்தி கல்யாணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றிவிட்டேன். மூன்று மணி நேரம், ஒரே கோப்பு. காட்சி காட்சியாகத் தானே வெட்டித் தரும் என்று பைசீன்டிடெக்ட் நிரலை ஓட்டினேன். 912 துண்டு! சில துண்டில் சித்தப்பா தலையைத் திருப்பக்கூட நேரமில்லை. எங்கே தப்பு? (தக்கலை வாசகர்)

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை தம்பி, ஃபிளாஷ் மேல். தாலி கட்டும் நேரத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கேதான் துண்டுகள் குவிந்திருக்கும்.

அந்த நிரலுக்குக் கல்யாணமும் தெரியாது, தாலியும் தெரியாது. ஒரு ஃபிரேமையும் (வீடியோவில் ஓடும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) அதற்கு முந்தின ஃபிரேமையும் பக்கத்தில் வைத்து, நிறம், நிறத்தின் அடர்த்தி, வெளிச்சம் மூன்றிலும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஓர் எண் போடும். டிடெக்ட் கன்டென்ட் முறையில் அந்த எண் 27-ஐத் தாண்டினால் புதுக் காட்சி. நம் ஊர் கேசட்டில் நொடிக்கு 25 ஃபிரேம். மேடையைச் சுற்றி நாலு போட்டோக்காரர் நின்று ஃபிளாஷ் அடித்தால் ஒரு ஃபிரேம் வெள்ளையாகிறது, அடுத்தது பழையபடி ஆகிறது. மணமக்கள் இடம் மாறவில்லை. நிரலுக்கு அது பெரிய தாவல்.

இதற்கு நான் செய்வது, காட்சியின் குறைந்தபட்ச நீளத்தைக் கூட்டுவது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 0.6 நொடிதான். கட்டளையில் கோப்பின் பெயருக்கு அப்புறம், டிடெக்ட் என்று தொடங்கும் சொல்லுக்கு முன்னால், ஒரு கழித்தல் குறியும் சிறிய எம்மும் போட்டு, இடம் விட்டு, 2 என்ற எண்ணோடு எஸ் ஒட்டிக் கொடுங்கள். கடைசித் துண்டைத் தவிர, இரண்டு நொடிக்குக் குறைந்த துண்டு வராது. அப்படியும் அதிகமாக வந்தால் அந்த 27-ஐ 32, 35 என்று மெல்ல ஏற்றிப் பாருங்கள். ஒரேயடியாக ஏற்றினால் உண்மையான வெட்டும் போய்விடும்.

பந்தி வேறு மாதிரிப் பிரச்சினை. கேமராக்காரர் இலை வரிசையோடு நடந்துகொண்டே எடுப்பார். பருப்பு விளம்புகிறவரின் முதுகு குறுக்கே வந்து லென்சை மறைக்கும், விலகும். இதையும் டிடெக்ட் கன்டென்ட் வெட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே டிடெக்ட் அடாப்டிவ் கொடுங்கள். அது ஒரு ஃபிரேமின் மாற்றத்தை அக்கம்பக்கத்து ஃபிரேம்களின் மாற்றத்தோடு ஒப்பிடும். எல்லாமே ஆடிக்கொண்டிருந்தால், சரி, கேமரா ஆடுகிறது என்று விட்டுவிடும். படகில் திருவள்ளுவர் சிலைக்குப் போகும்போது எடுத்த வீடியோக்களுக்கும் நான் இதைத்தான் போடுகிறேன்.

அப்புறம், எடுத்த எடுப்பில் வெட்டாதீர்கள். கடைசிச் சொல்லான ஸ்பிளிட் வீடியோவுக்குப் பதில் முதல் ஓட்டத்தில் சேவ் இமேஜஸ் கொடுங்கள். காட்சிக்கு 3 படம் எடுத்து வைக்கும். அந்தப் படங்களைப் பெரிதாக வைத்து ஒரு பார்வை பார்த்தாலே எங்கே கோளாறு என்று தெரியும். முழுப் படத்தையும் ஓட்ட வேண்டியதில்லை. தாலி கட்டும் இடத்தில் பத்து நிமிடம், பந்தியில் பத்து நிமிடம் போதும். அடைப்பிரதமன் பாயசம் வருவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிடும், பரவாயில்லை.

ஒன்றை மட்டும் எந்த எண் வைத்தும் பிடிப்பது கஷ்டம். அந்தக் காலத்து மிக்சிங்கில், பெண்ணின் முகத்திலிருந்து இதய வடிவம் மெதுவாக விரிந்து அதற்குள் மாப்பிள்ளை வருவார் இல்லையா? அங்கே திடீர்த் தாவலே கிடையாது. இரண்டு காட்சியும் ஒட்டியே வரும். அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். கறுப்பாகி மறைந்து மறுபடி தெளியும் இடங்களுக்கு மட்டும் டிடெக்ட் த்ரெஷோல்டு என்று தனி முறை இருக்கிறது.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். கோப்புறையில் இருக்கும் எல்லா வீடியோவையும் வெட்ட நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினி தானே வரிசையாக ஓட்டும் கட்டளைப் பட்டியல், எழுதினேன். முதல் நாள் 'கல்யாணம் பாகம் 1' என்ற கோப்பு கிடைக்கவில்லை என்று திட்டியது. பெயரில் இடைவெளி இருக்கிறது, கோப்பின் பெயரைத் தாங்கி நிற்கும் மாறியை நான் இரட்டை மேற்கோளுக்குள் போடவில்லை. அதைச் சரிசெய்து ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் புதிதாக ஒரு கேசட்டை அதே இடத்தில் சேர்த்து மறுபடி ஓட்டினால், நேற்று வெட்டிய துண்டுகளையும் எடுத்துத் துண்டு போட ஆரம்பித்துவிட்டது! துண்டுகளை மூலக் கோப்பு இருக்கும் இடத்திலேயே சேமித்ததன் வினை. கட்டளையில் கழித்தல் குறியும் சிறிய ஓவும் போட்டு, வேறு கோப்புறையின் பெயரைக் கொடுத்து அங்கே அனுப்புங்கள்.

கேள்வி: வெட்டுவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கிறது. காப்பி என்ற விருப்பத்தைக் கொடுத்தேன், சட்டென்று முடிந்தது. ஆனால் வெட்டு கொஞ்சம் தள்ளி விழுகிறது, முந்தின காட்சியின் வால் ஒட்டியிருக்கிறது. ஏன்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வெட்டும் வேலையைச் செய்வது பைசீன்டிடெக்ட் கூப்பிடும் எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு நிரல். காப்பி என்றால் அது படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே நறுக்கும். சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் இல்லை. கீஃபிரேம் மட்டும்தான் முழுசு, மற்றவை அதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு. ஆகவே கீஃபிரேம் இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக நறுக்க முடியும். வெட்டு துல்லியமாக வேண்டுமென்றால் காப்பியை எடுத்துவிட்டு ராத்திரி ஓடவிடுங்கள். தரம் குறையும் என்று பயமாக இருந்தால் ஹை குவாலிட்டி விருப்பம் இருக்கிறது, இன்னும் மெதுவாக ஓடும். எப்படியானாலும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கேசட்டில் டேப் ஓரமாக வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஓட்டலாமா? (குளச்சல் வாசகி)

பதில்: ஓட்டாதீர்கள் அம்மா. அது பூஞ்சை. ஆனி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து கிடைக்கும் மாவட்டம் நம்முடையது, கூடவே கடல் காற்று. கேசட் ஓட்டும் டெக்கில் போட்டால் அந்தப் பொடி, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். கேசட்டைத் திறந்து டேப்பைத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை மற்ற கேசட்டுகளோடு சேர்த்து வைக்காமல் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.