ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பையும் வயரிங் வேலையையும் கடவுளுக்கென்று செய்வது எப்படி?

“ஊழியத்துக்குப் போனால் கடவுளுக்குச் செய்கிறோம் என்று தெரிகிறது, ஒயர் இழுப்பதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரி உறுத்தியதால்தான் எழுதுகிறேன். நீங்கள் இரண்டாம் வருடம் படிக்கிறீர்கள், விடுமுறை நாளில் யாரோ ஒரு காண்ட்ராக்டரிடம் ஹெல்பராகப் போகிறீர்கள், எதைச் செய்தாலும் மனிதருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்கிற பைபிள் வசனத்தை, கொலோசெயர் 3:23-ஐ, வாலிபர் கூடுகையில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. “கிரியைகளால் இரட்சிப்பா?” என்று கீழே கேட்க வருகிறவர்களுக்கு: அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. இரட்சிப்பு கிருபை. கிருபை பெற்றவன் திங்கட்கிழமை காலை கட்டிங் பிளையரைக் கையில் எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தம்பியின் கேள்வி.

கொலோசெயரில் அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். மனிதர் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காகச் செய்வதைப் பவுல் அங்கே கண்டிக்கிறார். அவரே கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். நம் தொழிலுக்கு அந்தக் கண்டிப்பு அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் நம் வேலையில் பெரும்பகுதி சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விடுகிறது. வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது சுவிட்சின் நிறமும் ஃபேன் சுற்றுவதும்தான். மற்றதெல்லாம் உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும்.

எர்த் குழியையே, அதாவது கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பைப் எர்த் என்றால் ஒன்றரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், நீளம் 2.5 மீட்டர், செங்குத்தாக இறங்க வேண்டும். கட்டடத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பைப்பில் 12 மில்லிமீட்டர் துளைகள், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல், கிளாம்பைத் திறந்து பார்க்கும்படி மூடியோடு ஒரு சின்னத் தொட்டி. உப்பு நாளடைவில் பைப்பை அரிக்கும் என்பதால் இப்போது பெண்டோனைட் என்ற களிமண் கலந்த பவுடர் போடுகிறார்கள், அது நல்லது.

நடப்பதோ வேறு. மூன்றடியில் பாறை தட்டியதும் பைப்பை அறுத்து மீதியை ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். சிலர் அந்தத் துண்டைச் சுற்றிக் கான்கிரீட்டே போட்டு மூடுகிறார்கள். மேல் மண் கோடையில் காய்ந்ததும் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறிவிடும், ஆழத்தில் இருக்கிற ஈரம்தான் எர்த்தைக் காப்பாற்றுகிறது. பாறை வந்தால் இடத்தை மாற்றித் தோண்டுங்கள். இடமில்லை என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி இரண்டு பைப் இறக்கி இணையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பைப் நீளமாவது இடைவெளி வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் இறக்கினால் பலன் குறையும். மூடுவதற்கு முன்னால் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, அளவையும் தேதியையும் டிபி (லைன்கள் பிரிகிற பெட்டி) கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

எர்த் போட்டாயிற்று, இனி ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் தொழிலிலேயே நிறைய. இங்கேதான் படிப்பு வருகிறது. வீட்டு எர்த் 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் பாடியில் ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) தொட்டுவிட்டது. கரண்ட் இந்த இரண்டு எர்த் வழியாகத்தான் மண்ணுக்குள் போய்த் திரும்ப வேண்டும். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்சிபி, அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். அது உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 23 ஆம்பியருக்கு அது சூடேறி விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கிரைண்டர் பாடியில் ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். ஈரக் கையோடு மாவு அள்ளுகிற அம்மாவுக்கு அது போதும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது அவ்வளவு கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். இந்தக் கணக்கு ஓம் விதியைத் தாண்டி ஒன்றுமில்லை, முதல் வருடப் பாடம்தான். ஆனால் ஃபார்முலாவை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினவருக்கு இது தோன்றாது. படிப்பைக் கடவுளுக்கென்று செய்வது என்றால் என்னைப் பொறுத்தவரை முதலில் இதுதான்: உங்களை நம்பி சுவிட்சில் கை வைக்கப்போகிறவருக்காகப் படிப்பது.

ஆர்சிசிபி போட்டதும் சும்மா சும்மா விழுகிறது என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது இன்னொரு கொடுமை. அது சும்மா விழுவதில்லை. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரு லைனின் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இன்னொரு லைனோடு கலந்திருக்கும், அல்லது ஆர்சிசிபிக்குப் பிறகு எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டும் விழுகிறதே என்று குழம்புவார்கள். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், குற்றவாளி லைன் கிடைத்துவிடும். அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்பதில் தவறில்லை, கேளுங்கள். நேராக இணைத்துவிட்டு “சரியாயிடுச்சு சார்” என்பது பொய்சாட்சி. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் சில, வேகமாகச் சொல்கிறேன். சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான். நியூட்ரலில் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றுகிறவர் அடி வாங்குவார். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஒயர் இல்லையென்று நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு இழுத்து எர்த் பின்னில் கொடுப்பது கொலைக்குச் சமம்: எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் பாடி முழுக்க 230 வோல்ட். பைப்புக்குள் ஒயர் ஜாயிண்ட் கூடாது, ஜங்ஷன் பாக்ஸில் மட்டும்தான். இன்சுலேஷனைச் சீவும்போது இரண்டு இழை வெட்டுப்பட்டால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவுங்கள், அந்த இடம்தான் பிறகு சூடேறும். பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள், நாளைக்கு அவர் ஆணி அடிக்கும்போது உதவும்.

வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெகர். மெயினை அணைத்து, பல்புகளையும் பிளக்குகளையும் கழற்றி, எல்லா சுவிட்சையும் ஆனில் வைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்தோடு அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் சப்ளை கொடுக்காதீர்கள். புது வயரிங் அதைவிட எத்தனையோ மடங்கு காட்ட வேண்டும்.

ஜெபம் பண்ணிவிட்டு லைனை அணைக்காமல் வேலை செய்கிற சகோதரர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது. ஜெபம் பண்ணுங்கள், பிறகு மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி உங்கள் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் லேம்ப்பை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் எரியவிட்டுப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். டெஸ்ட் லேம்ப்பே போயிருந்தால் இடையில் அது சொன்னது பொய்.

பொருள் விஷயத்தில்தான் சோதனை அதிகம். கடைக்காரர் கமிஷன் கொடுப்பார். வாங்கினால் வீட்டுக்காரருக்குத் தெரிந்து வாங்குங்கள், இல்லையென்றால் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். “எல்லோரும் வாங்குகிறார்கள், கூலி கட்டுபடியாகவில்லை” என்று சிலர் சண்டைக்கு வரலாம். கூலி கட்டுபடியாகவில்லை என்றால் கூலியை உயர்த்திக் கேட்பதுதான் நேர்மை. கள்ளத்தராசைப் பற்றி நீதிமொழிகள் சொல்வது மளிகைக்கடைக்கு மட்டுமில்லை. ஒயர் காயில் 90 மீட்டர், மிஞ்சுகிற துண்டு வீட்டுக்காரருடையது. ஒயரின் பருமன் 1.5 ஸ்கொயர் எம்எம் என்று சீட்டில் போட்டிருந்தால் முனையைச் சீவி இழையை எண்ணுங்கள்: 0.3 மில்லிமீட்டர் இழையாக இருந்தால் 22 இருக்க வேண்டும், 2.5-க்கு 36, 4-க்கு 56. 14 இழைதான் இருக்கிறது என்றால் அது 1 ஸ்கொயர் எம்எம். திருப்பிக் கொடுங்கள், கடைக்காரர் முகம் கோணினாலும் பரவாயில்லை.

படிப்புக்கு வருகிறேன். ரெக்கார்டு நோட்டைச் சீனியரிடம் வாங்கி அப்படியே எழுதுகிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். 230 வோல்ட் 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் சுமாருக்குக் காட்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 529 வருகிறது. உடனே மாணவன் என்ன செய்கிறான்? மீட்டர் தப்பு என்று முடிவுகட்டி, ரெக்கார்டில் 529-க்குப் பக்கத்தில் ஒரு எண்ணை எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறான். மீட்டர் சரிதான். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவன் ஏன் இப்படி என்று கேட்டு, சூடேறினால் உலோகத்தின் ரெசிஸ்டன்ஸ் ஏறும் என்பதைப் படிப்பான். மாற்றி எழுதியவன் மார்க் வாங்கிக்கொண்டு போவான், பிறகு சைட்டில் மெகர் காட்டும் எண்ணையும் அப்படியே மாற்றி எழுதுவான். பழக்கம் ஒன்றுதான்.

தினமும் ஒரு சர்க்யூட்டைப் புத்தகம் பார்க்காமல் வரையுங்கள். மாடிப்படி விளக்கு, கோடவுன் வயரிங், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். வரைந்ததைப் போர்டில் இணைத்துப் பாருங்கள். ஒயரின் நிறத்தை வைத்து மனப்பாடம் செய்தவர்கள் வேறு நிற ஒயர் கொடுத்ததும் நின்றுவிடுவார்கள், கரண்ட் போகும் வழியைச் சொல்லிக்கொண்டே வரையுங்கள். கணக்கும் தினம் ஒன்று: 1 எச்பி மோட்டார் என்றால் 746 வாட், எஃபிஷியன்சி 70 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 230 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? 5.8 வர வேண்டும். 3.2 என்று எழுதுகிறவர் வெளியே வரும் சக்தியையும் உள்ளே போகும் சக்தியையும் ஒன்றாக நினைக்கிறார், பவர் ஃபேக்டரையும் மறந்துவிடுகிறார், அவர் போடுகிற ஒயர் எப்போதும் ஒரு அளவு சின்னதாக இருக்கும்.

“பரீட்சைக்கு முந்தின இரவு முழு இரவு ஜெபம், போகாவிட்டால் பாவமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். பாவமில்லை. படித்துவிட்டுத் தூங்குங்கள். யாத்திராகமத்தில் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினது பொன், வெள்ளி, வெண்கல வேலையும், இரத்தினம் பதிப்பதும், மரவேலையும் செய்வதற்கான ஞானத்துக்காக. கைத்தொழில் அறிவு அங்கே ஆவியானவரின் வரமாகவே வருகிறது. அந்த வரத்துக்குத் தூக்கமும் பயிற்சியும் தேவை. தூங்காமல் ஏணியில் ஏறுவது பக்தி ஆகாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகு நாளாக இருக்கிறது. கொலோசெயர் 3:23-ஐ வேலைக்காரரிடம் சொல்கிற பெரியவர்கள் பக்கத்திலேயே இருக்கிற 4:1-ஐச் சொல்வதில்லை: எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியானதைக் கொடுக்க வேண்டும். ஆலயப் பிரதிஷ்டை பண்டிகை வந்தால் “தம்பி, இது கர்த்தருடைய காரியம்” என்று சொல்லி மூன்று நாள் சீரியல் லைட் போட வைத்துவிட்டு டீயோடு அனுப்புவது சரியா? பந்தல்காரருக்குப் பணம் உண்டு, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) சமைக்கிறவருக்குப் பணம் உண்டு. மனதார இலவசமாகச் செய்ய விரும்புகிறவர் செய்யட்டும், அது காணிக்கை. பிடுங்குவது காணிக்கை ஆகாது. அதைவிட மோசம், இலவச வேலை என்பதால் பொருளும் இலவசமாகவே வர வேண்டும் என்று போன வருடத்து விரிசல் விட்ட ஃப்ளெக்ஸ் ஒயரையே முறுக்கி டேப் சுற்றிக் குழந்தைகள் நடக்கிற இடத்தில் இரும்புக் கம்பத்தில் கட்டச் சொல்வார்கள். அங்கே மறுத்துவிடுங்கள். தற்காலிக லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், ஜாயிண்ட் மழை படாத பெட்டிக்குள் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், ஜெனரேட்டருக்குத் தனி எர்த்தும், இரண்டு சப்ளையில் ஒன்றை மட்டும் இணைக்கவிடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சும் வேண்டும். சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் கொடுத்தால், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறின லைன்மேன் சாவார். கமிட்டியில் யார் கோபித்துக்கொண்டாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். எத்தனை மீட்டர் ஒயர், எத்தனை பெட்டி, என்ன விலை என்று தாளில் எழுதிப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே பொருளாளர் கையில் கொடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் பணமில்லை என்றுதான் பதில் வரும்.