தாயார் பெயரில் உள்ள தனி வீடு, விற்பவர்கள் மூன்று பிள்ளைகள்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் செம்பாக்கத்தில் 40-க்கு 60 மனையில் 1995-இல் கட்டிய 1,200 சதுர அடி தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. 1.44 கோடி சொல்கிறார்கள். சொத்து காலமான தாயார் பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் மூவர், அதில் ஒருவர் அமெரிக்காவில். இந்த வாரமே 5 லட்சம் அட்வான்ஸ் வேண்டும் என்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம். முதலில் விலையைப் பிரித்துப் பாருங்கள். இதே வீட்டை இன்று கட்ட சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 26.40 லட்சம். கான்கிரீட் வீட்டுக்கு 60 ஆண்டு ஆயுள், முடிவில் 10% மிச்ச மதிப்பு என்ற வழக்கமான கணக்கில், 30 ஆண்டில் 45% தேய்மானம் கழித்தால் நிற்பது 14.52 லட்சம். மீதி ஏறக்குறைய 1.29 கோடியும் மண்ணுக்குத்தான். மனை 2,400 சதுர அடி என்பதால், சதுர அடி சுமார் 5,400 ரூபாய் விழுகிறது. அதே தெருவில் காலி மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள். புது டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் காட்டி விலை ஏற்றினால் பிடிகொடுக்காதீர்கள்.

அடுத்தது வாரிசு. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை வாங்கிப் படியுங்கள். 'மூன்று பிள்ளைகள்' என்று வாயால் சொல்வது போதாது. தந்தை உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. முன்பே இறந்த மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உண்டு. ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் அவருடைய பங்கு உங்களுக்கு வந்து சேராது. பேரப்பிள்ளைகளில் மைனர் இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

அமெரிக்காவில் இருப்பவர் நேரில் வர முடியாவிட்டால் பவர் பத்திரம் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையில் அப்போஸ்டில் (வெளிநாட்டு ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) முத்திரையுடனோ சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். எழுதிக்கொடுத்தவர் பதிவுக்கு முன் இறந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது.

பலர் மாட்டிக்கொள்வது வரிப் பிடித்தத்தில், அதாவது விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில். ஆளுக்கு 48 லட்சம்தானே, 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் பிடிக்க வேண்டாமே என்று விட்டுவிடுகிறார்கள். 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே உள்நாட்டில் இருக்கும் இருவருக்கும் தலா 1%, அதாவது 48,000 ரூபாய் பிடித்துக் கட்ட வேண்டும். மூன்றாமவர் வரிக் கணக்கில் என்.ஆர்.ஐ. என்றால் 1% செல்லாது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5%, அதன்மேல் 4% செஸ், கூட்டினால் 13%. 48 லட்சத்துக்கு 6.24 லட்சம். லாபத்தின் மீது மட்டும் பிடிக்கலாமே என்று அவர் கேட்பார். வருமானவரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்கி வரட்டும், அதுவரை முழுப் பங்கின் மீதும் பிடிப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. பிடிக்காமல் விட்டால் வட்டியோடு உங்களைத்தான் கேட்பார்கள்.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்குப் போதும் என்பார்கள். மனை பிரித்த காலம் வரை பின்னோக்கிப் போடுங்கள். சார்பதிவக எல்லைகள் மாறியிருக்கும் என்பதால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். பதிவு செய்யாத உயிலோ பதிவாகாத அடமானமோ இதில் தெரியாது; அதனால் மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். லேஅவுட் அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 2017 விதிகளின்படி வரன்முறை செய்த ஆணையைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குத்தான் அந்த வாய்ப்பு.

மனையை டேப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். நான்கு பக்கமும் சரியாக வந்தாலும் மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 40-க்கு 60 சரியான செவ்வகமாக இருந்தால் 72 அடி 1 அங்குலம் வரும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால் மனை கோணல். பக்கத்துக் காம்பவுண்டு 60 அடி நீளத்துக்கு ஓர் அடி உள்ளே வந்திருந்தால் 60 சதுர அடி, அதாவது 3.24 லட்சம் போச்சு. சர்வேயரை வைத்து எஃப்.எம்.பி. எனும் அரசு நில அளவை வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டிய முதல் இடம் வாசல்படி. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் புறநகரில் பழைய வீடுகளின் தரை தெருவுக்குக் கீழே போய்விட்டது. செம்பாக்கம் ஏரிகள் சூழ்ந்த பகுதி. 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பொரிந்திருந்தால் விஷயம் அதுதான்.

பிறகு குளியலறைக்கு மேலுள்ள சீலிங்கையும் சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்திருக்கிறது. மேல்பூச்சு பூசினால் நிற்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதற்கான அறிகுறியாக இருக்கலாம். களிமண் என்றால் கட்டாயம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூட்டிப் போங்கள்.

இவ்வளவும் தேறினால் அட்வான்ஸ் கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், மூவர் கணக்குக்கும் தனித்தனியாக. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம். சொத்துரிமையில் குறை இருந்தால் பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, 1.44 கோடிக்கு 12.96 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இந்த விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. வங்கி கடன் தொகையை முடிவு செய்யும்போது இந்தச் செலவைச் சொத்தின் விலையோடு சேர்க்காது, அதனால் இதைத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.