எல்இடியை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய எல்இடி டார்ச்சைப் பிரித்து, உள்ளே இருக்கும் எல்இடியை மட்டும் மாற்றினால் வெளிச்சம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும், ஆனால் அந்த வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து எல்இடிக்குப் போகும் வழியிலேயே மின்சாரம் வீணாகிக்கொண்டிருந்தால், புதிய எல்இடியும் மங்கலாகத்தான் எரியும்.

ஒற்றை 18650 பேட்டரி (உருளை வடிவ, மறுமுறை சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி) போடும் டார்ச் என்றால், பின்மூடியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எதிர்மின் (−) முனையையும் குழாயின் விளிம்பில் வண்ணப் பூச்சில்லாத உலோகத்தையும் ஒரு தடித்த செம்புக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். மூடியோடு எரிந்ததைவிட இப்போது பளிச்சென்று எரிந்தால், குறை பின்மூடியின் ஸ்பிரிங்கிலோ சுவிட்சிலோ இருக்கிறது. ஸ்பிரிங்கின் மின்தடை வெறும் 0.05 ஓம் என்றாலும், 3 ஆம்பியர் பாயும்போது அங்கேயே 0.15 வோல்ட் இழப்பாகும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும் பேட்டரியும் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்கு மேல் கேட்கும் எல்இடியும் சேரும் இடத்தில் இது சிறிய இழப்பன்று. ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் மெல்லிய, வளையக்கூடிய செம்புக் கம்பியைப் பற்றவைத்தால் போதும். மரைகளில் படிந்த கறுப்பு அழுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், ஏனெனில் பெரும்பாலான டார்ச்சுகளில் உடலே மின்பாதை.

அடுத்தது வெப்பம். என் டார்ச் போட்ட சில நிமிடங்களில் மங்கிவிடும். பேட்டரிதான் காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். தலைப்பகுதியைப் பிரித்தபோது, எல்இடி அமர்ந்திருந்த அலுமினியத் தகட்டின் அடியில் வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்புத் தூள்போல் உதிர்ந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, புதுப் பசையை மிக மெல்லியதாகத் தடவி இறுக்கிய பின், டார்ச்சின் தலை முன்பைவிட விரைவாகச் சூடேறியது. அது நல்ல அறிகுறி: எல்இடியில் தேங்கிய வெப்பம் வெளியே வரத் தொடங்கிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால் எல்இடியை மாற்றலாம். புதியது 3 வோல்ட் வகையா 6 வோல்ட் வகையா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பொருத்தும்போது ரிஃப்ளெக்டரின் உலோகம் பற்றவைத்த இடங்களைத் தொடாதபடி காப்பு வளையத்தைத் திரும்ப வையுங்கள், தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். ஒளி எட்டும் தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும் என்பதால், தூரம் தேடுகிறவர்களுக்கு மின்னோட்டத்தைக் கூட்டுவதைவிட அகலமும் ஆழமும் உள்ள வழவழப்பான ரிஃப்ளெக்டரே பயன்தரும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் முழு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் கையில் பிடித்திருங்கள். பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் மின்னோட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும். டிரைவரில், அதாவது எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்றுப்பலகையில், 7135 சிப்புகள் இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டால் ஏறத்தாழ 350 மில்லி ஆம்பியர் குறையும்.