எந்த சக்தியைக் கேட்கிறீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வந்திருக்கும் கடிதங்களைப் பிரித்தால் பழைய வகுப்பறைக்கே திரும்பிய மாதிரி இருக்கிறது. அதே கேள்விகள், அதே குழப்பம். பாதிக் குழப்பம் விஞ்ஞானத்தில் இல்லை, சொற்களில் இருக்கிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். பார்ப்போம்.

கனமான பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் செய்யும் வேலை பூஜ்ஜியம் என்கிறது என் மகளின் பாடப்புத்தகம். பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகிறதே, அது என்ன கணக்கு?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒரு பையன் இதைக் கேட்டான். "புத்தகத்தில் போட்டிருக்கிறது, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம், எனக்கும் பதில் தெரியாது.

இயற்பியலில் வேலை என்றால், விசையை அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்குவது. பெட்டி நகரவில்லை, ஆகவே பெட்டியின் மேல் நடந்த வேலை பூஜ்ஜியம். அதே பெட்டியை மேசை மேல் வையுங்கள். மேசையும் அதே விசையோடுதான் தாங்குகிறது. நாள் முழுக்கத் தாங்கினாலும் அதற்கு எதுவும் செலவாவதில்லை. ஆனால் தசை மேசைக்கால் போல இறுகி நிற்கும் பொருள் இல்லை. உள்ளே இருக்கும் நுண்ணிழைகள் இழுப்பதும் விடுவதும் மறுபடி பிடித்து இழுப்பதுமாக ஓயாமல் இயங்கினால்தான் கை அந்த நிலையில் நிற்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் உடல் ஆற்றலைச் செலவழிக்கிறது. அதில் துளிகூடப் பெட்டிக்குப் போவதில்லை, எல்லாம் உடம்பிலேயே வெப்பமாகிறது. வியர்ப்பது அதனால்தான். புத்தகம் பெட்டியைப் பற்றிப் பேசுகிறது, நீங்கள் கையைப் பற்றிப் பேசுகிறீர்கள். இரண்டும் சரி.

அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் இதைச் சொன்னேன். "போன வாரமே சொல்லியிருக்கலாமே சார்" என்றான்.

விசை, ஆற்றல், திறன் மூன்றையும் நாங்கள் சக்தி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தப்பா?

பேச்சில் தப்பில்லை. கணக்குப் போடும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். தள்ளுவதும் இழுப்பதும் விசை, அளவு நியூட்டன். வேலை செய்வதற்கான கையிருப்பு ஆற்றல், அளவு ஜூல். அந்தக் கையிருப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது திறன், அளவு வாட்.

60 கிலோ நிறையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயரம் படியேறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறத்தாழ 1,760 ஜூல். பத்து நொடியில் ஓடி ஏறினாலும் ஒரு நிமிடம் நின்று நிதானமாக ஏறினாலும் அது மாறாது. ஆனால் ஓடியவரின் திறன் 176 வாட், நடந்தவருடையது 29 வாட். இரண்டு பேரும் ஒரே மாடிக்குத்தான் வந்திருக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சு திறனுக்கு. கிலோவாட் என்றால் திறன், கிலோவாட்-மணி என்றால் ஆற்றல் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். ஒரு கிலோவாட்-மணி 36 லட்சம் ஜூல்.

ஆற்றலை அழிக்க முடியாது என்கிறார்கள். பிரேக் போட்டதும் வண்டி நின்றுவிடுகிறது. வேகத்தில் இருந்த ஆற்றல் எங்கே போயிற்று?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1,000 கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூல். பிரேக் கட்டை உராய்ந்து நிறுத்தும்போது ஏறக்குறைய அத்தனையும் வெப்பமாகிறது. அந்த வெப்பம் முழுவதையும் பிடித்துவைக்க முடிந்தால், உறைநிலையில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடலாம். வேகத்தைப் பாதியாக்கினால், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டராக இருந்தால், ஆற்றல் 50,000 ஜூல்தான். பாதியல்ல, கால்வாசி.

இந்த உண்மை ஒரே நாளில் பிடிபடவில்லை. வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம், அதன் பெயர் 'கலோரிக்', சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது வழிந்தோடுகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள். ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன், மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும் பட்டறையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். துளைக்கத் துளைக்க உலோகம் சூடேறிக்கொண்டே போகிறது. திரவம்தான் வெளியே வருகிறது என்றால் ஒருநாள் தீர்ந்துபோக வேண்டுமே? வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியை வைத்து, குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குதிரைகளை விட்டுச் சுற்ற வைத்தார். சுமார் இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், தண்ணீர் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப் போனார்களாம். தீராமல் வந்துகொண்டே இருக்கும் ஒன்று எப்படிப் பொருளாக இருக்க முடியும்? வெப்பம் ஒருவகை இயக்கம் என்று 1798-இல் எழுதினார்.

அப்புறம் வந்தவர் ஜேம்ஸ் ஜூல். பீர் தயாரிக்கும் குடும்பத்துப் பிள்ளை, பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. எடைக்கட்டிகள் கீழே இறங்க இறங்க, தண்ணீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரம் சுற்றும்படி கருவி செய்து, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று 1840-களில் அளந்துகொண்டே இருந்தார். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. நாம் இன்று சொல்லும் கணக்கில் அது ஏறத்தாழ 4.2 ஜூல். பொறுமையைப் பாருங்கள்: நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், அந்த ஆற்றல் முழுக்கத் தண்ணீரிலேயே தங்கினால்கூட, கால் டிகிரி செல்சியஸும் சூடேறாது. இத்தனை சின்ன மாற்றத்தைத் துரத்தியவர் பெயரைத்தான் ஆற்றலின் அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒரே அறையில் இருக்கும் இரும்புக் கம்பி சில்லென்றும் மரக்கதவு இதமாகவும் இருப்பது ஏன்?

வகுப்பில் இதற்கு வாக்கெடுப்பு நடத்துவேன். முந்தின நாளே இரும்பில் ஒரு வெப்பமானியும் மரத்தில் ஒரு வெப்பமானியும் ஒட்டி வைத்துவிடுவேன். தொட்டுப் பார்த்துவிட்டு எல்லாரும் இரும்புதான் குளிர் என்று கை தூக்குவார்கள். வெப்பமானிகள் இரண்டிலும் ஒரே அளவு.

கை வெப்பமானி இல்லை. வெப்பம் எவ்வளவு வேகமாகக் கையைவிட்டுப் போகிறது என்பதைத்தான் அது சொல்லும். இரும்பு மரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதே காரணத்தால் நல்ல வெயிலில் கிடந்த இரும்பு, பக்கத்தில் கிடந்த மரத்தைவிட அதிகம் சுடும்.

இங்கேயும் ஒரு சொல் நம்மை ஏமாற்றுகிறது. 'சூடு' என்று சொல்லி வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்கிவிடுகிறோம். சாணைக்கல்லில் பறக்கும் பொறி கையில் பட்டாலும் பெரிதாகச் சுடுவதில்லை. அதன் வெப்பநிலை மிக அதிகம், ஆனால் அணுவளவு துகளில் இருக்கும் வெப்பம் ஒன்றுமில்லை. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தை நீங்கள் எடுக்கலாம்.

குதிரை வண்டியை இழுக்கிறது, வண்டியும் குதிரையை அதே அளவு பின்னால் இழுக்கிறது. பிறகு எப்படி நகரும்?

இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மேல் இல்லை. ஒன்று வண்டியின் மேல், ஒன்று குதிரையின் மேல். வேறு வேறு கணக்கில் இருப்பதை ஒன்றோடொன்று கழித்துவிட முடியாது. குதிரை குளம்பால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை குதிரையை முன்னுக்குத் தள்ளுகிறது. வழுக்கும் பனிக்கட்டி மேல் குதிரையை நிறுத்திப் பாருங்கள், வண்டி நகராது.

விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லைதானே?

இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம். நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் மிதக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அவ்வளவு அதிகம் என்பதால் தரையைத் தொடுவதில்லை.

காந்தங்களை வைத்து, எரிபொருள் இல்லாமல் ஓயாமல் சுற்றும் சக்கரத்துக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். கருத்துச் சொல்லவும்.

படம் அழகாக இருக்கிறது. இப்படிப்பட்ட ஓயா இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-இலேயே முடிவெடுத்துவிட்டது. நான் அவ்வளவு கண்டிப்பானவன் இல்லை. செய்து பாருங்கள், எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று எழுதுங்கள்.

மின்விசிறி அறையைக் குளிர்விக்கிறதா?

இல்லை, உங்களைக் குளிர்விக்கிறது. தோலில் இருக்கும் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். அதில் பெரும்பகுதி உடம்பிலிருந்து போகிறது, காற்று வீசினால் சீக்கிரம் போகிறது. விசிறியின் மோட்டாரோ எடுத்துக்கொண்ட மின்சாரத்தையெல்லாம் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் விடுகிறது. சந்தேகம் இருந்தால் காய்ந்த வெப்பமானி ஒன்றை விசிறிக்கு நேர் கீழே தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.