கவுண்டரில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவா?

"ஹட்டனில் ஒரு கடையில், வெளிநாட்டுக் காசு எடுத்துக் கொடுக்கும் கவுண்டரில் வேலை செய்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் எங்கள் தோட்டத்து ஆட்கள். அனுப்பியது யார், என்ன உறவு, எதற்கான காசு என்று கேட்டால், 'என் மடியில் வளர்ந்த பிள்ளை, என்னைக் கள்ளி மாதிரி விசாரிக்குது' என்கிறார்கள். முதலாளியோ 'எதையாவது எழுதி முடி, வரிசை நிக்குது' என்கிறார். நான் என்ன செய்ய?" - பெயர் வேண்டாம், ஹட்டன்.

அன்புத் தங்கைக்கு,

கேளுங்கள். ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள். தெரிந்தவரைச் சும்மா விட்டு, தெரியாதவரை மட்டும் நிறுத்திவைத்தால்தான் அது அவமானம்.

அவர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது. 1948இல் இலங்கைக் குடியுரிமையைப் பறிகொடுத்த மலையகச் சனம் நம் சனம். மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது கிடைத்தது. காகிதம் கேட்கிற எவரைக் கண்டாலும் வயிறு கலங்குவது இயல்பு. பாஸ்போர்ட்டில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'லட்சுமி' என்று இருந்தால், கவுண்டரில் நிற்பவருக்கு அது தன் குற்றமாகவே தோன்றும். அதனால் கேள்விக்கு முன் காரணத்தைச் சொல்லுங்கள்: "மாமி, இது எல்லாருக்கும் கேட்கிறதுதான். உங்க காசை உங்க பெயரில் வேறு ஆள் எடுத்திடக் கூடாதில்லையா?" குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். வரிசையில் நிற்பவர்களின் காதில் தொகை விழ வேண்டியதில்லை.

சின்னத் தொகைதானே என்று முதலாளி சொல்லக்கூடும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், மத்திய வங்கியில் சந்தேகமான காசுப் பரிமாற்றங்களைக் கவனிக்கும் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குத் தானாகவே அறிவிக்க வேண்டிய எல்லை பத்து இலட்சம் ரூபாய். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் எந்தத் தொகையும் சின்னதில்லை.

உதாரணத்துக்கு, புருஷன் கத்தாரில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று வேறு வேறு நாடுகளிலிருந்து, யாரென்றே அவளுக்குத் தெரியாத ஆட்கள் காசு அனுப்புகிறார்கள். வாசலில் ஒருவன் போனோடு காத்திருக்கிறான். எடுத்துக் கொடுத்தால் இரண்டாயிரம் தருவதாகச் சொல்லியிருப்பான். விசாரணை வந்தால் அவன் இருக்க மாட்டான். காகிதத்தில் இருப்பது அவள் பெயர். இந்தப் பெண்ணுக்காகத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

இதில் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. சந்தேகத்தை மேலே அறிவித்த பிறகு, அதை அந்தப் பெண்ணிடம் சொல்லக் கூடாது, சட்டம் தடுக்கிறது. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சேர்ந்து வளர்ந்தவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதில்லை. அதனால் எல்லோருக்கும் பொதுவாக முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கண்ணாடியில் எழுதி ஒட்டுங்கள்: "பிறருக்காக உங்கள் பெயரில் காசு எடுக்காதீர்கள்."

அப்புறம் முதலாளி. மோசடிக்காரர்களுடன் சேர்ந்துகொண்ட ஏஜென்டுகளைத் தடுக்கத் தவறியதற்காக, 2017இல் காசு அனுப்பும் கம்பனியான வெஸ்டர்ன் யூனியன் அமெரிக்காவில் 58.6 கோடி டாலர் கட்ட உடன்பட்டது. அவ்வளவு பெரிய கம்பனிக்கே அந்தக் கதி என்று சண்டையில்லாமல் அவரிடம் சொல்லுங்கள். வந்தவர் சொல்லாத பதிலை மட்டும் படிவத்தில் எழுதாதீர்கள். இன்று நீங்கள் நிரப்புவது ஆறு வருடம் கோப்பில் இருக்க வேண்டியது, அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. இதற்கும் அவர் மசியவில்லையென்றால், உங்கள் கவுண்டருக்கு அனுமதி தந்த வங்கியிலோ கம்பனியிலோ சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் இணக்க அதிகாரி இருப்பார். அவருடைய நம்பரை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு அறிவிப்பவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.