15ஆம் தேதி நைட் 12 மணின்னா எந்த நைட்?

வணக்கம் சகோ, "15ஆம் தேதி நைட் 12 மணிக்குள்ள விண்ணப்பம் வந்து சேரணும்"னு போட்டிருக்காங்க, அது 14 முடியுற நைட்டா 15 முடியுற நைட்டான்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி. கடிகாரக் கணக்குப்படி 00:00ன்னா அந்தத் தேதி ஆரம்பிக்குற நொடி, அப்படிப் பாத்தா 14ஆம் தேதி நைட்டோட கதை முடிஞ்சுது, ஆனா பேச்சுல நைட்டுங்கிறது சாயங்காலத்தோட தொடர்ச்சி, தூங்கி எந்திரிக்குற வரைக்கும் நமக்கு அதே நாள்தான், அதனால எழுதினவர் பெரும்பாலும் 15 முடியுறதைத்தான் நினைச்சிருப்பார். பெரும்பாலும்தான், அதை நம்பி உக்காராதீங்க ப்ளீஸ். 14ஆம் தேதியே அனுப்பிட்டா எந்த அர்த்தம் எடுத்தாலும் சேஃப். அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பு என்ஐஎஸ்டி கூட இந்தக் குழப்பம் வேணாம்னுதான் 11:59 இல்லன்னா 12:01னு எழுதச் சொல்லுது.

லேட்டாதான் முடியும்னா மெயில் போடுங்க, ஆனா "எந்த நாள்?"னு கேக்காதீங்க, "15ஆம் தேதி இரவு 11:59 வரைக்கும் அனுப்பலாமா?"ன்னு கேளுங்க, ஆமா இல்லன்னு நேரா பதில் வரும்.

அப்புறம் இன்டர்வியூ ஹால் "மெயின் கேட்டுக்கு இடது பக்கம்"னு இருக்குன்னீங்களே, அதுவும் இதே சிக்கல்தான். ஆத்துக்குன்னா தண்ணி ஓடுற திசையைப் பாத்து நின்னா இடது கைப்பக்கம் இருக்குறதுதான் இடது கரைன்னு முடிவு பண்ணி வச்சிருக்காங்க, கேட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. "உள்ள நுழையும்போது இடதா?"ன்னு அதே மெயில்லயே சேத்து கேட்டுடுங்க.